வண்டியில் வருவது பாதி வாத்தியம்

அமெரிக்காவில் ஒரு தேவாலயம் மூடப்பட்டாலோ, பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்ந்துவிட்டாலோ, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு ஒவ்வொன்றாக ஆள் பிடிக்க வேண்டும். நீள பெஞ்சுகள் எப்படியாவது போய்விடும். வண்ணக் கண்ணாடிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. கடைசிவரை மூலையில் கிடப்பது பெரும்பாலும் டிஜிட்டல் ஆர்கன்தான். சபையார் ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டிப் பல்லாயிரம் டாலருக்கு வாங்கியதாக இருக்கும். இன்றைக்குச் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. பல இடங்களில் தூக்கிக்கொண்டு போனால் சரி என்பதுதான் விலை.

வாசிக்கத் தெரிந்தவருக்கு இது கையை அரிக்கும் வாய்ப்பு. இரண்டு மூன்று விசைப்பலகைகள், காலால் வாசிக்கும் 32 கட்டைகள் கொண்ட பெடல் பலகை, வரிசை வரிசையாக ஸ்டாப்புகள், எல்லாம் வீட்டுக்குள். பயிற்சிக்காகத் தேவாலயச் சாவியை யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. வாடகை வண்டியில் ஏற்றி, நாலு பேர் முதுகு ஒடியத் தூக்கி, வரவேற்பறையில் வைத்து, ஆசையோடு முதல் சுரத்தை அழுத்துவார். ஒலி தட்டையாக, வறட்டுத்தனமாக, காதருகே யாரோ கத்துவதுபோல வரும். தேவாலயத்தில் கேட்டபோது நெஞ்சை அதிரவைத்த அதே இயந்திரம்தான். அதே ஸ்பீக்கர்கள்தான். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆர்கன் என்கிற வாத்தியத்தில் பாதி, அது நிற்கும் கட்டடம். அந்தப் பாதி வண்டியில் ஏறவில்லை.

குழல்களைக் கொண்டு ஆர்கன் கட்டுகிறவர்களுக்கு இது பழைய செய்தி. அவர்கள் குழல்களைப் பட்டறையில் செய்துமுடித்தாலும், தேவாலயத்துக்குள் நிறுத்திய பிறகு அங்கேயே வாரக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு குழலின் வாயையும் அந்தக் கூடத்துக்கு ஏற்பத் திருத்துவார்கள். அந்தப் பழைய ஆர்கனைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் டிஜிட்டல் ஆர்கன் எதை நகலெடுக்கிறது என்பது தெரியும்.

குழல் ஆர்கனில் ஒரு குழலுக்கு ஒரே சுரம். ஒரே குணமுள்ள குழல்களின் முழு வரிசையைத் திறந்துவிடும் குமிழுக்கு ஸ்டாப் என்று பெயர். அதன்மேல் 8, 16, 4 என்று ஓர் எண் இருக்கும். அது அடிக்கணக்கு. 8 அடி ஸ்டாப்பில் விசைப்பலகையின் இடக்கோடிச் சுரமான தாழ் ‘சி’க்கு உரிய குழல் ஏறத்தாழ 8 அடி நீளம். இரு முனையும் திறந்த குழலுக்குள் அரை அலை அடங்கும். அந்தச் சுரத்தின் அதிர்வெண் 65.4 ஹெர்ட்ஸ். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால் அரை அலையின் நீளம் 2.62 மீட்டர், எட்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். குழல் 8 அடிதானே என்றால், குழலின் முனைகளுக்கு வெளியேயும் காற்று சிறிது தூரம் சேர்ந்து அதிர்கிறது. மீதி அங்கே இருக்கிறது. அதே விசையை 4 அடி ஸ்டாப்போடு அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். 16 அடி என்றால் ஒரு ஸ்தாயி கீழே. பெரிய தேவாலயங்களில் 32 அடி ஸ்டாப்பும் உண்டு. அதன் தாழ் ‘சி’ 16.35 ஹெர்ட்ஸ். மனிதக் காது சுரமாகக் கேட்பதற்கும் வெறும் நடுக்கமாக உணர்வதற்கும் இடைப்பட்ட எல்லை அது.

பியானோவைவிட ஆர்கனை மின்சாரத்தில் நகலெடுப்பது சுலபம் என்று தோன்றும். பியானோவில் விரல் எவ்வளவு வேகமாக விழுந்தது என்பது ஒலியை மாற்றும். ஆர்கனில் விசை வெறும் சுவிட்ச். அழுத்தினால் காற்று போகும், விட்டால் நிற்கும். இடையில் ஒலி ஒரே சீராக நிற்கிறது. இந்தச் சீர்மைதான் லாரன்ஸ் ஹாமண்டுக்குத் தைரியம் கொடுத்தது. சுழலும் உலோகச் சக்கரங்களால் மின்னலைகளை உண்டாக்கும் தன் ஆர்கனை அவர் 1935-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். குழல் ஆர்கனுக்கு நிகர் என்று விளம்பரமும் செய்தார். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அதை எதிர்த்து விசாரணை தொடங்கியது. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தேவாலயத்தில், அங்கிருந்த 75,000 டாலர் மதிப்புள்ள ஸ்கின்னர் குழல் ஆர்கனையும் ஹாமண்டையும் மாற்றி மாற்றி வாசித்து, எது எது என்று இசைக் கலைஞர்களையும் சாதாரண மக்களையும் சொல்லச் சொன்னார்கள். கிட்டத்தட்டப் பாதித் தடவை அவர்கள் தவறினார்கள் அல்லது குத்துமதிப்பாகச் சொன்னார்கள் என்று வாதிட்டது ஹாமண்ட் தரப்பு. ஸ்கின்னரையே ஹாமண்ட்போல ஒலிக்கும்படி அவர்களுடைய ஆட்கள் தந்திரம் செய்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. இரு தரப்பும் பேச மறந்த மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு என்பேன்: அந்தத் தேவாலயத்தின் கல் சுவர்கள். இரண்டு ஆர்கன்களுக்கும் அவை ஒரே மாதிரி உதவி செய்தன. அதே சோதனையை ஒரு வரவேற்பறையில் நடத்தியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கும்.

டிஜிட்டல் ஆர்கன் 1971-இல் வந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஆலன் நிறுவனம், விண்வெளித் தொழிலில் இருந்த நார்த் அமெரிக்கன் ராக்வெல்லுடன் சேர்ந்து அதைச் செய்தது. ஒரு குழலின் ஒலியலையில் ஒரே ஒரு சுற்றை மட்டும் எண்களாக எழுதிவைத்துக்கொண்டு, அழுத்திய சுரத்துக்கு ஏற்ற வேகத்தில் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது அதன் அடிப்படை. நினைவகம் தங்கத்தின் விலை விற்ற காலம். புதுக் குரல் வேண்டுமென்றால் துளையிட்ட அட்டையை ஆர்கனுக்குள் செருகும் வசதிகூட இருந்தது. இந்தத் தலைமுறை ஆர்கன்கள் ஐம்பது வருடம் கழிந்தும் சில தேவாலயங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இலவசமாகக் கிடைப்பவற்றில் பல இவைதான். 1990-களுக்குப் பிறகு வந்தவை ஒவ்வொரு குழலின் நீண்ட பதிவை வைத்திருக்கின்றன. குழல் பேசத் தொடங்கும்போது வரும் அந்தச் சிறிய ‘ப்ஸ்’ ஓசையும் பதிவில் சேர்ந்து வருகிறது. காது ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த முதல் சில மில்லிசெகண்டில்தான்.

விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இந்தத் தொழில்நுட்பத்துக்குள் ஒளிந்திருக்கிறது: எத்தனை சேனல்?

உண்மையான ஆர்கனில் இரண்டு குழல்களின் சுருதி இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதே இல்லை. ஒன்று 440 ஹெர்ட்ஸ், இன்னொன்று 440.5 என்றால் இரண்டும் சேரும்போது இரண்டு நொடிக்கு ஒரு முறை ஒலி மெல்ல எழுந்து அடங்கும். ஆயிரம் குழல்களுக்கு இடையே இப்படி ஆயிரமாயிரம் சின்ன அசைவுகள். ‘நிறையப் பேர் பாடுகிறார்கள்’ என்ற உணர்வைத் தருவது இதுதான். பழைய டிஜிட்டல் ஆர்கனில் எல்லாச் சுரங்களும் ஒரே கடிகாரத் துடிப்பிலிருந்து பிறந்தால், 8 அடியும் 4 அடியும் 2 அடியும் அணுவளவும் விலகாமல் பூட்டிக்கொண்டு நிற்கும். காது அவற்றை மூன்று குழல்களாகக் கேட்பதில்லை. கொஞ்சம் கூர்மையான ஒரே குழலாகக் கேட்கிறது. மேலும், இரண்டு ஒலிகள் ஒரே கம்பியில் கலந்து ஒரே ஸ்பீக்கரில் வந்தால் அவற்றின் கூட்டல் அறை முழுவதும் ஒன்றேதான். இரண்டு ஸ்பீக்கர்களில் தனித்தனியே வந்தால் அவை காற்றில் கலக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும், ஏன், இரண்டு காதுகளிலுமே கலவை கொஞ்சம் வேறுபடுகிறது. அதனால்தான் தேவாலயத்துக்கான ஆர்கன்கள் நாலு, எட்டு, பன்னிரண்டு சேனல்களோடு, ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வைத்து வருகின்றன.

விசைப்பலகைகளும் ஸ்டாப்புகளும் உள்ள பெட்டியான கன்சோலை மட்டும் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்பீக்கர்களை மாடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். கழற்ற ஏணி வேண்டும், யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பல தேவாலயக் கன்சோல்களில் உள் ஸ்பீக்கரே கிடையாது. எட்டு சேனல்களையும் வீட்டு ஹை-ஃபையின் இரண்டு ஸ்பீக்கர்களில் அடக்குவது, கோயில் தேரை மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஓட்டுவதுபோல. நகரும், ஆனால் தேராக இருக்காது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், அவற்றை இணைக்கும் கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். கழற்றும் முன் பின்பக்கத்தைக் கைப்பேசியில் நிதானமாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எந்தச் சேனலுக்கு என்று எழுதி ஒட்டியிருக்கும் காகிதம் எத்தனையோ வருடத்துப் பசையோடு வண்டியிலேயே உதிர்ந்துவிடும்.

சோதிக்கும்போது எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டுப் பிரமாதமாக ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்ப்பது வீண். பெருமுழக்கத்தில் பிழைகள் மறைந்துகொள்ளும். ஒரே ஒரு ஸ்டாப்பை இழுத்து, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒவ்வொரு விசையாக அழுத்த வேண்டும். பிறகு அடுத்த ஸ்டாப். சலிப்பான வேலை, ஆனால் நோய் எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும். ஒரு விசை எந்த ஸ்டாப்பிலும் பேசவில்லை என்றால் குற்றம் விசைக்கு அடியில் இருக்கும் தொடர்பில். பல மாதிரிகளில் அங்கே கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளும், அவற்றை ஒட்டவைக்கும் ஒரு காந்தமும் இருக்கும். வேறு சிலவற்றில் வெள்ளிப் பூச்சுக் கம்பி. தூசியும் கறுத்துப்போன வெள்ளியும் துடைத்தால் போகும், குப்பியை மாற்றினாலும் செலவு சொற்பம். ஒரே ஸ்டாப்பில் மட்டும் குறை என்றால் ஒலி உண்டாக்கும் பலகையில் சிக்கல், அது செலவு. ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் மாறி மாறிச் சுரங்கள் செத்திருந்தால் பயப்பட வேண்டாம். 61 விசைகளுக்கும் 61 தனிக் கம்பி கிடையாது; விசைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்களில் கோத்து, சுற்று ஒவ்வொரு வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. ஒரு வரிசைக் கம்பி விட்டுப்போனால் அந்த வரிசை விசைகள் மொத்தமாகப் போகும். ஒரு சாலிடர் புள்ளியில் முடியும் வேலை. விசைகளில் குறை இல்லாமல், சில ஸ்டாப்புகள் மட்டும் கூட்டாக, மொத்தமாக ஊமை என்றால் அவை ஒலிக்கும் சேனலின் ஆம்ப்ளிஃபயரையோ ஸ்பீக்கரையோ பாருங்கள்.

ஒன்றையும் அழுத்தாதபோது வரும் இரைச்சலும் பேசும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். மின்வழங்கியில் அது திருத்தப்படும்போது 120 ஹெர்ட்ஸ் அலையாக மாறுகிறது. அதை வடிகட்டும் மின்தேக்கிகள் காய்ந்துபோனால் 120 ஹெர்ட்ஸ் ஊளை கேட்கும். 60 ஹெர்ட்ஸ் ஊளை என்றால் பெரும்பாலும் பூமி இணைப்புகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்ட கோளாறு. எது என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஆர்கனே போதும். 120 ஹெர்ட்ஸ், 8 அடி ஸ்டாப்பின் முதல் ஸ்தாயியில் ‘பி ஃபிளாட்’டுக்கும் ‘பி’க்கும் நட்ட நடுவே. 60 ஹெர்ட்ஸ் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, விசைப்பலகையில் முதல் சுரத்துக்கும் கீழே விழும். காது தேறியவர் விசையை அழுத்தி ஒப்பிட்டே சொல்லிவிடலாம். நம்மூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே எண்கள் 50-ம் 100-ம். அமெரிக்கக் கன்சோலைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவர நினைக்கும் உற்சாகிகள், 120 வோல்ட்டுக்குச் செய்த அதைக் கொண்டுபோய் 230-இல் செருகுவதற்கு முன் ஒரு மின்மாற்றி வாங்கிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் மூடியைத் திறந்து பாருங்கள். கைக்கு வசதியாக ஸ்டாப்புகளைக் கூட்டம் கூட்டமாக நினைவில் வைத்துக்கொள்ளும் பொத்தான்கள் இருக்கும். பழைய மாதிரிகளில் அந்த நினைவைக் காப்பது ஒரு சிறிய பேட்டரி. அது கசிந்தால் கீழே இருக்கும் சுற்றுப் பலகையின் தாமிரத்தை அரித்துவிடும். பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது திரும்பிப் போய்விடுங்கள். அடுத்தது, ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்து நுரை வளையம். இருபது வருடத்தில் அது தொட்டால் பொடியாகும். இது மட்டும் பயமில்லாத நோய், புது வளையம் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். எலி குடியிருந்ததா என்பதை மூக்கே சொல்லிவிடும்.

தூக்குவதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பெஞ்சும் பெடல் பலகையும் தனியே வந்துவிடும். மீதிக் கன்சோல் இருநூறு கிலோவைத் தொடும், ஐந்தடி அகலம் இருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டு வாசற்கதவையும், அதைவிட முக்கியமாக அதற்குப் பிறகு வரும் திருப்பத்தையும் அளந்து பாருங்கள்.

இனி அறை. இந்தப் பகுதியில்தான் பலர் நொந்துபோய் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

பெடலில் 16 அடி ஸ்டாப்பை இழுத்துத் தாழ் ‘சி’யை மிதித்தால் 32.7 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் பத்தரை மீட்டர். உங்கள் அறையைவிட அந்த ஒற்றை அலை நீளம். தேவாலயத்தில் இந்த அலை தாராளமாக உலாவ இடம் உண்டு. வீட்டில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில அதிர்வெண்களில் தன்மீதே ஏறி நிற்கும். 15 அடி நீளம், 12 அடி அகலம், பழைய வீடுகளைப்போல 10 அடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் அரை அலை அடங்கும் அதிர்வெண் 37.5 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, உயரவாக்கில் 56. பெடலின் முதல் ஸ்தாயியில் இவை முறையே ‘டி’, ‘எஃப் ஷார்ப்’, ‘ஏ’ சுரங்களுக்கு மிக அருகில் விழுகின்றன. அந்த மூன்று கட்டைகளை மிதித்தால் அறை கர்ஜிக்கும். பக்கத்துக் கட்டைகள் இருக்கும் இடம் தெரியாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 15, 12, 10 என்ற நீளங்களுக்கு அதிர்வெண்கள் 4:5:6 என்ற விகிதத்தில் அமைகின்றன. ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். மேற்கத்திய இசையில் அது ‘டி மேஜர்’. கட்டிய கொத்தனாருக்குத் தெரியாமலே அறை சுருதி சேர்ந்து நிற்கிறது. ‘டி மேஜர்’ பாடல்களை மட்டுமே வாசிப்பவருக்கு நல்ல அறை.

இந்த நிற்கும் அலைகளில் சுவரோரம் அழுத்தம் உச்சம், நட்ட நடுவில் சூனியம். நீளத்தின் சரிபாதியில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தவருக்கு 37.5 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. பெடல் கெட்டுவிட்டது என்று நினைப்பார். அடுத்த அறையில் இருப்பவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்துவார்கள். ஒலியை எவ்வளவு கூட்டினாலும் சூனியம் சூனியம்தான். பெஞ்சை மூன்றடி நகர்த்துவது ஆயிரம் டாலர் ஆம்ப்ளிஃபயரைவிட அதிக மாற்றம் தரும். அமெரிக்க மரவீடுகளில் சுவர்ப் பலகைகள் கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தாழ் ஒலியைத் தின்றுவிடும், அதனால் கர்ஜனை ஓரளவு அடங்கும். நம்மூர்க் கான்கிரீட் அறைகளில் அந்தச் சலுகையும் இல்லை.

தாழ் ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு அழகான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஒலி போகும் பாதை இரு திசைக்கும் சமம்: ‘அ’ என்ற இடத்திலிருந்து வரும் ஒலி ‘ஆ’வில் எப்படிக் கேட்குமோ, அப்படியேதான் ‘ஆ’விலிருந்து வருவது ‘அ’வில் கேட்கும். எனவே சப்வூஃபரை வாசிப்பவரின் பெஞ்சுமேல் தூக்கி வையுங்கள். பெடலின் தாழ் சுரங்களை ஒவ்வொன்றாக ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, நீங்கள் அறையின் ஓரமாகத் தவழ்ந்து போங்கள். எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் மூலை எதுவோ, அங்கே சப்வூஃபரை வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்காருங்கள். வீட்டில் விருந்தினர் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது. சப்வூஃபர் இரண்டு இருந்தால், கம்பியின் கூட்டல் கழித்தலை இரண்டிலும் ஒரே மாதிரி இணைத்தீர்களா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கம்பியில் ஒரு கணம் தொட்டால் கூம்பு எந்தப் பக்கம் அசைகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு சிக்கல் காதில். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டியதுபோல, ஒலி குறையக் குறையக் காது தாழ் சுரங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. நடு ஸ்தாயியில் 40 டெசிபலில் வரும் ஒலிக்கு நிகராகக் கேட்க, 16 அடிக் குழலின் தாழ் சுரம் 90 டெசிபலை நெருங்க வேண்டும். தேவாலயத்துக்கு ஏற்பச் சமன்செய்த ஆர்கனை வீட்டுக்காக வால்யூம் திருகி அடக்கினால், எல்லாம் ஒன்றுபோலக் குறைவதில்லை. பெடல் காணாமல் போகிறது, மேல் ஸ்தாயி மட்டும் கீச்சிடுகிறது. பொதுவான வால்யூமைத் தொடுவதைவிட, ஒவ்வொரு சேனலின் அளவையும் தாழ்-உயர் திருகுகளையும் வீட்டுக்காகத் தனியே சரிசெய்ய வேண்டும். புது மாதிரிகளில் மென்பொருளால் ஒவ்வொரு சுரத்தையும் தொடலாம். மேலும், ஸ்பீக்கர்களை முகத்துக்கு நேராகத் திருப்பாதீர்கள். சுவரையோ கூரையையோ பார்க்க வையுங்கள். உண்மையான குழல்கள் யாரையும் குறிபார்த்துப் பாடுவதில்லை.

மிஞ்சியிருப்பது எதிர்முழக்கம். அது கட்டடத்தின் குரல். 1890-களில் ஹார்வர்டின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை வந்தது. பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்புவார், ஓர் ஆர்கன் குழலை ஊதவிடுவார், அது நின்றபின் ஒலி எத்தனை நொடியில் சாகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். அந்த இரவுகளிலிருந்து வந்த சூத்திரம், கூடத்தின் கன அளவை ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்து 0.161-ஆல் பெருக்கச் சொல்கிறது. மேலே சொன்ன அறை 51 கன மீட்டர். கம்பளமும் சோஃபாவும் திரைச்சீலையும் சேர்ந்து 20 சதுர மீட்டர் அளவுக்கு விழுங்கினால், விடை 0.4 நொடி. பத்தாயிரம் கன மீட்டர் தேவாலயம் 500 சதுர மீட்டர் அளவுக்கு விழுங்கினால் 3.2 நொடி. ஆர்கனுக்கு எழுதிய இசையில் ஒரு சுரம் நின்றபின் அடுத்தது வருமுன் இருக்கும் மௌனம்கூட இந்த மூன்று நொடியை நம்பி எழுதப்பட்டது.

கம்பளத்தைச் சுருட்டி, சோஃபாவை வெளியே போட்டால் நேரம் நீளும்தான். ஆனால் சின்ன அறையின் வெற்றுச் சுவர்கள் தருவது குளியலறை முழக்கம். என் அபிப்பிராயத்தில் அறையை இன்னும் அடக்கிவிட்டு, எதிர்முழக்கத்தைச் செயற்கையாக வாங்குவதே மேல். உண்மையான ஒரு தேவாலயத்தில் ஒரு பலூனை உடைத்தோ, தாழ்விலிருந்து உச்சம்வரை ஏறும் ஓர் ஒலியை எழுப்பியோ அந்தக் கட்டடம் எப்படிப் பதில் சொல்கிறது என்று பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு ஆர்கனிலிருந்து வரும் ஒவ்வொரு கணத்து ஒலிக்கும் அந்தப் பதிலை முழுதாக ஓட்டி, எல்லாவற்றையும் கூட்டினால், அந்தக் கட்டடத்துக்குள் வாசித்ததுபோலவே கேட்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள், மூன்று நொடி முழக்கம் என்றால் பதிலில் 1,44,000 எண்கள். நேரடியாகக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 690 கோடிப் பெருக்கல்கள். கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவு ஃபூரியே முறையால் இந்த மலை கரைந்து, இன்று ஒரு பழைய மடிக்கணினியே செய்துவிடுகிறது. இந்த முழக்கத்தை முன்பக்க ஸ்பீக்கர்களிலேயே கலந்துவிடாமல், வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் தனியாக இரண்டு வைத்து அனுப்புங்கள். தேவாலயத்தில் முழக்கம் பின்னாலிருந்துதான் வந்து சூழும்.

அக்கம்பக்கத்தாரிடம் எந்தச் சூத்திரமும் செல்லாது. சுவரின் எடையை இரட்டித்தால் கடக்கும் ஒலி 6 டெசிபல் குறையும். ஆனால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினாலே அந்த 6 டெசிபலும் போய்விடும். 16 அடிப் பெடலைத் தடுக்கும் சுவரைக் கட்டுவதைவிட ஹெட்ஃபோன் வாங்குவது மலிவு. அதில் எதிர்முழக்கமும் கிடைக்கிறது, அறையின் ‘டி மேஜர்’ தொல்லையும் இல்லை.

ஒலி உண்டாக்கும் பலகை மீட்கவே முடியாமல் செத்துப்போன கன்சோலையும் தூக்கி எறிய வேண்டாம். விசைகளும் பெடலும் பெஞ்சும்தான் புதிதாகச் செய்ய அதிகச் செலவாகும் பாகங்கள்; அவை நன்றாக இருக்கின்றன. 1983-இல் மிடி என்ற பொது மொழி வந்த பிறகு செய்த ஆர்கன்களில் பெரும்பாலும் பின்பக்கத்தில் அதற்கான ஐந்து முள் துளை இருக்கும். முந்தியவற்றுக்கு விசைகளைப் படித்து மிடியாக மாற்றும் பலகைகள் கிடைக்கின்றன. மறுமுனையில் கணினி, அதில் ஹாப்ட்வெர்க் என்ற கட்டண மென்பொருள் அல்லது கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருள். உலகத்தின் பெயர்பெற்ற ஆர்கன்களைக் குழல் குழலாக, அவை நிற்கும் கட்டடத்தின் முழக்கத்தோடு சேர்த்தே பதிவு செய்த தொகுப்புகளை அவற்றில் ஏற்றலாம். வண்டியில் ஏறாத பாதி இந்த வழியில் வந்துசேர்கிறது. நினைவகம் மட்டும் தாராளமாக வேண்டும்.

மிடி மெதுவானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகிறது. பத்து விரலும் ஒன்றாக விழுந்தால் கடைசிச் சுரம் பத்து மில்லிசெகண்ட் பிந்தும். ஒலி மூன்றரை மீட்டர் நடக்கும் நேரம் அது. குழல்களிலிருந்து பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கன்சோலில் வாசித்துப் பழகியவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்.